துருப்பிடித்த வேனும் மூடிப்போன சாலையும்

பிரான்சில் குடியேறிய நம் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அங்கத்திய விசேஷங்களைச் சொல்வார்கள். அதில் ஒன்று எனக்கு வெகுநாள் வேடிக்கையாக இருந்தது. அங்கே கிராமத்துக் கொட்டகைகளில் முப்பது நாற்பது வருஷமாகக் கிடக்கும் துருப்பிடித்த வேன்களை ஆட்கள் தேடிப் போய் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்களாம். இரண்டு மூன்று வருஷம், சனி ஞாயிறுகளில் அதைத் தட்டி, வெட்டி, ஒட்டவைத்து, உள்ளே ஒரு படுக்கையும் அடுப்பும் பொருத்துகிறார்கள். பிறகு அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் இன்னும் பலரோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரிசையாகப் போய் வருகிறார்கள். இதற்கு ராலி என்று பெயர்.

புது வண்டி வாங்கக் காசில்லாமல் செய்கிற காரியம் அல்ல இது. கணக்குப் போட்டால் சில சமயம் புது வண்டியைவிட அதிகம் செலவாகும். அப்படியென்றால் எதற்கு இந்தப் பாடு? இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் நம் புதுச்சேரிக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அதனால் எழுதிவைக்கிறேன்.

ராலி என்ற சொல்

நம் வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ‘ரலியே’ என்ற வினைச்சொல் தெரிந்திருக்கும். சிதறிப் போனவர்களை மறுபடியும் ஓரிடத்தில் சேர்ப்பது என்று பொருள். போர்க்களத்தில் கலைந்த படையைத் திரட்டுவதற்கும் இதே சொல்தான். 1940 செப்டம்பரில் கவர்னர் பொன்வேன் புதுச்சேரியை ஜெனரல் தெகோல் பக்கம் சேர்த்தாரே, அதையும் ‘ரலிமான்’ என்றுதான் சரித்திரப் புத்தகங்கள் எழுதுகின்றன.

மோட்டார் வண்டி உலகத்திலும் முதலில் அந்தப் பொருளில்தான் இந்தச் சொல் நுழைந்தது. 1911 ஜனவரியில் நடந்த முதல் மோன்த்தே கார்லோ ராலியில் வண்டிகள் எல்லாம் ஓரிடத்தில் நின்று கிளம்பவில்லை. ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களிலிருந்து கிளம்பி மொனாக்கோவில் வந்து ஒன்றுசேர்ந்தன. யார் முந்துகிறார் என்பது பின்னால் வந்த பேச்சு. ஒன்றுசேர்வதுதான் முதல் அர்த்தம். இந்த அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போகும் விஷயம் எளிதாக விளங்கும்.

இரண்டு எளிய வண்டிகள்

இந்தக் கதையில் முக்கியமான வண்டிகள் இரண்டு. இரண்டும் சித்ரோயன் கம்பெனி செய்தவை.

ஒன்று எல்லோருக்கும் தெரிந்த தெஷ்வோ. பெயருக்கு ‘இரண்டு குதிரை’ என்று அர்த்தம். இது எஞ்சினின் பலம் அல்ல. வரி வசூலுக்காக அரசாங்கம் வைத்த கணக்கு. அதன் முதல் எஞ்சின் 375 சி.சி., உண்மையான பலம் 9 குதிரை. சித்ரோயன் கம்பெனியின் தலைவராக இருந்த பியேர் பூலான்ழே 1930-களில் தம் பொறியாளர்களிடம் கேட்டது இதுதான்: இரண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும், மணிக்கு 60 கி.மீ. போக வேண்டும், 100 கி.மீ.க்கு 3 லிட்டர் பெட்ரோல் போதும் என்று இருக்க வேண்டும். உழுத வயலில் ஓட்டிப் போனாலும் கூடையிலுள்ள முட்டை உடையக்கூடாது என்பதும் சேர்ந்தது. 1939-ல் சோதனை வண்டிகள் தயாராக இருந்தபோது யுத்தம் வந்துவிட்டது. ஜெர்மானியர் கையில் கிடைக்காமல் அவற்றை ஒளித்துவைத்தார்கள். 1948 அக்டோபரில்தான் பாரிஸ் கண்காட்சியில் வண்டி வெளியே வந்தது. 1951-ல் அதிலேயே பின்பக்கம் தகரப் பெட்டி வைத்த சின்ன வேனும் வந்தது. 250 கிலோ ஏற்றலாம். 1990 ஜூலையில் போர்ச்சுகல் தொழிற்சாலையில் கடைசி வண்டி முடியும் வரை காரும் வேனுமாக 50 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று பெரிய வேன். எச் என்ற எழுத்துதான் அதற்குப் பெயர். பிரெஞ்சில் ‘ஆஷ்’ என்று உச்சரிப்போம். 1947-ல் காட்டப்பட்டது, 1981 வரை தயாரானது. மொத்தம் 4,73,289 வண்டிகள். பழைய பிரெஞ்சுப் படங்களில் போலீஸ்காரர்கள் கும்பலாக வந்து இறங்குவார்களே, அந்தப் பன்றி மூக்கு வேன்தான். கறிக்கடைக்காரர், சந்தை வியாபாரி, ஆம்புலன்ஸ், தபால் எல்லாம் அதில் ஓடின. முன்சக்கரம் இழுக்கும் வண்டியாதலால் பின்னால் தரை மிகவும் தாழ்வு. உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். வீடாக மாற்றுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சந்தையில் உழைத்து ஓய்ந்த ஆஷ் வேன்களை மலிவாக வாங்கி, பலகை அடித்து, மெத்தை போட்டு, குடும்பத்தோடு கிளம்பியவர்கள் ஏராளம்.

இதன் பக்கவாட்டுத் தகரம் நம் ஊர்க் கொட்டகைத் தகரம் மாதிரி வரிவரியாக இருக்கும். மெல்லிய தகரத்துக்கு அந்த வரிகள்தான் விறைப்பைக் கொடுக்கின்றன. இந்த வரித் தகரத்துக்கு பிரெஞ்சில் ‘தோல் ஒந்துலே’ என்பார்கள். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் லாரிகள் ஓடி ஓடி வரிவரியாகிப்போன மண்சாலைக்கும் அதே பெயரைத்தான் வைத்தார்கள். அந்தச் சாலையில் மெதுவாகப் போனால் வண்டியின் ஒவ்வொரு போல்ட்டும் கழன்றுவிடும். 80 கி.மீ. வேகத்தில் போனால் சக்கரம் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு போகும். பழைய ஆஷ் வேனுக்குச் சுமையோடு அந்த வேகம் எட்டுவதே பெரும்பாடு. போனவர்கள் பட்ட சிரமத்தை யோசித்துப் பாருங்கள்.

ரெய்டு

ரெய்டு என்றதும் நமக்கு வருமான வரிக்காரர்கள் ஞாபகம் வரும். பிரெஞ்சில் அது நெடுந்தூரப் பயணம். இந்த வழக்கத்தைப் பெரிய அளவில் தொடங்கியவர் ஆந்த்ரே சித்ரோயன். 1924-25-ல் ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு பயணம், 1931-32-ல் பெய்ரூட்டிலிருந்து பீகிங் வரை இன்னொன்று. இரண்டாவது குழு ஸ்ரீநகர், கில்கித் வழியாக இமயமலையைத் தாண்டியது. ஆனால் அவை பெருஞ்செலவில், கம்பெனியின் ஆட்கள், விஞ்ஞானிகள், படப்பிடிப்பாளர்களோடு நடந்த படையெடுப்புகள். சாதாரண ஆளுக்கு அதில் இடம் இல்லை.

யுத்தத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1953-ல் ழாக் கொர்னே, ஆன்ரி லொஷோன் என்ற இரண்டு பேர் ஒரு தெஷ்வோவில் கனடாவிலிருந்து தென் அமெரிக்காவின் தெற்குக் கோடி வரை போனார்கள். 1958-59-ல் ழாக் செகேலாவும் ழான்-க்ளோத் போதோவும் இன்னொரு தெஷ்வோவில் உலகத்தையே சுற்றினார்கள். சிலி நாட்டுப் பாலைவனத்தில் கியர் பாக்ஸில் எண்ணெய் ஒழுகிப் போனபோது வாழைப்பழத்தை அடைத்து வண்டியை ஓட்டியதாக அவர்கள் கதை. இதையெல்லாம் படித்த பிரெஞ்சுப் பையன்களுக்கு ஒன்று புரிந்தது: பணக்காரனாக இருக்க வேண்டியதில்லை, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

1970 ஆகஸ்டில் சித்ரோயன் கம்பெனி பாரிஸ்-காபூல்-பாரிஸ் ரெய்டை ஏற்பாடு செய்தது. 16,500 கி.மீ. ஏறக்குறைய 500 வண்டிகள், 1,300 இளைஞர்கள். வண்டி அவரவருடையது. வாரக்கணக்கில் தாங்களே பிரித்து, துடைத்து, அடித்தட்டுக்குப் பாதுகாப்புத் தகடு அடித்து, கூரையில் பெட்ரோல் கேன் கட்டித் தயார் செய்ததுதான். 1971-ல் பாரிசிலிருந்து ஈரானின் பெர்செபோலிஸ் வரை போய்வர 13,500 கி.மீ. 1973-ல் ஆப்பிரிக்காவில் அபிஜானிலிருந்து துனிஸ் வரை 8,000 கி.மீ.; நடுவில் தெனேரே பாலைவனம். இதில் வண்டிகளை 60 என்று குறைத்துக்கொண்டார்கள்.

இவற்றில் வேகத்துக்குப் பரிசு முக்கியமில்லை. போய்ச் சேர்வதுதான் முக்கியம். ஒரே மாதிரி வண்டிகள் என்பதால் ஒருவரிடம் இருக்கும் உதிரிபாகம் இன்னொருவருக்கு அப்படியே பொருந்தும். கிளட்ச் கேபிள் ஒருவர் கொண்டுபோனால் டைனமோ இன்னொருவர் கொண்டுபோவார். இந்தப் பழக்கம்தான் பின்னால் வந்த கூட்டு ராலிகளுக்கெல்லாம் அடிப்படை.

தரைவழியே இந்தியா

இதே காலத்தில் ஏற்பாடு எதுவும் இல்லாமல் தாங்களாகவே கிழக்கே கிளம்பியவர்கள் பல்லாயிரம் பேர். 1957-லேயே லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பஸ் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஆஷ் வேன், ஜெர்மன் ஃபோக்ஸ்வாகன் வேன், பழைய பஸ், பழைய ஆம்புலன்ஸ் என்று எது கிடைத்ததோ அதில் வந்தார்கள்.

வழி இதுதான்: யூகோஸ்லாவியா, பல்கேரியா தாண்டி இஸ்தான்புல். அங்கே 1957-ல் திறந்த லாலே என்ற கடை ஒன்று. பாயசம் மாதிரி பால் இனிப்பு விற்றதால் ‘புட்டிங் ஷாப்’ என்றே பெயர் வாங்கியது. அதன் சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை: காபூலுக்கு ஒரு சீட் காலி, துணைக்கு இன்னொரு வண்டி வேண்டும் என்பது போன்ற சீட்டுகள் அதில் குத்தியிருக்கும். 1973-ல் பாலம் வரும் வரை பாஸ்ஃபரஸ் நீர்ச்சந்தியைப் படகில் தாண்டி, எர்சுரும், தப்ரீஸ், தெஹ்ரான், மஷ்ஹத். பிறகு ஆப்கானிஸ்தானில் ஹெராத், கந்தஹார், காபூல். ஹெராத்-கந்தஹார் சாலையை ரஷ்யர்கள் போட்டார்கள். கந்தஹார்-காபூல் சாலையை அமெரிக்கர்கள் போட்டார்கள். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் அவர்களின் போட்டியால் வேன்காரர்களுக்கு நல்ல சாலை கிடைத்தது. கைபர் கணவாயில் எல்லை தாண்டும்போது வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறி ஓட்ட வேண்டும். பெஷாவர், லாகூர், அமிர்தசரஸ், டில்லி.

வேலை பார்த்த காலம் முழுதும் படிவங்களோடு வாழ்ந்தவன் என்பதால் இந்தப் பயணத்தில் என் கவனத்தை இழுத்தது ஒரு புத்தகம்: ‘கார்னே தெ பாஸாழ்’. வண்டிக்குப் பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. நாட்டுக்குள் நுழையும்போது சுங்கக்காரர் ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார். வெளியேறும்போது இரண்டாவது துண்டு. மூன்றாவது அடிக்கட்டை, அதில் இரண்டு முத்திரையும் விழுந்திருக்க வேண்டும். வெளியேறிய முத்திரை இல்லையென்றால் வண்டியை அங்கேயே விற்றுவிட்டதாக அர்த்தம். இறக்குமதி வரி முழுதையும் புத்தகம் கொடுத்த மோட்டார் சங்கத்திடம் கேட்பார்கள். சங்கம் பயணி கட்டிய ஜாமீன் தொகையில் கைவைக்கும். ஆகவே வழியில் வண்டி செத்துப்போனால் ஓரமாகத் தள்ளிவிட்டு பஸ் ஏறிவிட முடியாது. எப்படியாவது உயிர் கொடுத்து எல்லை தாண்ட வேண்டும். அந்தத் தலைமுறைக்கு ரிப்பேர் வேலை அத்தனை நன்றாகத் தெரிந்ததற்கு இந்தப் படிவமும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நம் ஊர்ப் பங்கைச் சொல்கிறேன். 1968 பிப்ரவரியில் ஆரோவில் தொடங்கியது. அடுத்த வருஷமே பாரிசிலிருந்து ஒரு கூட்டம் வண்டிகளில் தரைவழியாகவே கிளம்பி இங்கே வந்து சேர்ந்தது. அவர்கள் தங்குவதற்காக எழுந்த குடியிருப்புதான் ஆஸ்பிரேஷன். எழுபதுகளில் வெளிநாட்டு நம்பர் பலகையும் கூரைமேல் ஸ்டெப்னியும் தண்ணீர்க் கேனுமாக நம் கடற்கரைச் சாலையில் நின்ற வேன்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தால் உள்ளே திரைச்சீலை, ஸ்டவ், பாத்திரம் எல்லாம் தெரியும். பாரிசிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலோ விமானமோ இல்லாமல் ஒரு பழைய வேனில் வந்துவிட முடிந்த காலம் அது.

சாலை மூடியது

அந்தக் காலம் நீடிக்கவில்லை. 1971 டிசம்பர் யுத்தத்தில் இந்திய-பாகிஸ்தான் எல்லை அடைபட்டது; பிறகு திறந்தது. 1978 ஏப்ரலில் காபூலில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1979 பிப்ரவரியில் ஈரானில் புரட்சி வென்றது. அதே வருஷக் கடைசியில் ரஷ்யப் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. 1980 செப்டம்பரில் ஈரான்-ஈராக் யுத்தம். இரண்டரை வருஷத்துக்குள் அந்தச் சாலை கண்டம் துண்டமாக வெட்டுப்பட்டது. பிறகும் துணிந்தவர்கள் சிலர் ஈரானிலிருந்து பலுசிஸ்தான் வழியாக வந்துகொண்டுதான் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் அட்டாரி சோதனைச் சாவடியும் மூடப்பட்டது.

சாலை போனதும் வண்டிகளுக்கு வேலை போயிற்று. தெஷ்வோவும் ஆஷ் வேனும் தயாரிப்பு நின்று, கொட்டகைகளில் ஒதுங்கின. அங்கேதான் துரு தன் வேலையை ஆரம்பித்தது.

துருவோடு சண்டை

கடலோர ஊர்க்காரர்களான நமக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. உப்புக் காற்றில் நம் ஜன்னல் கம்பிகள் படும் பாடு தெரியும். ஐரோப்பாவில் கடற்கரையே இல்லாத ஊரிலும் அதே கதைதான். குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் அடிப்பக்கத்து இடுக்குகளில் போய்த் தங்கிவிடும்.

தெஷ்வோவுக்குத் தனி சேசிஸ் உண்டு. இரண்டு தகடுகளை வைத்து ஒட்டிய தட்டையான பெட்டி அது. உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. மேலே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே அரித்துப்போயிருக்கும். நல்லவேளையாக இப்போது துத்தநாகம் பூசிய புது சேசிஸ் செய்து விற்கிறார்கள். பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டலாம். ஆஷ் வேனுக்கு அந்த வசதி இல்லை. அதற்குத் தனி சேசிஸே கிடையாது. உடம்புத் தகரமே எலும்பும். கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டம் அரித்துவிட்டால் வண்டியே நடுவில் தொய்ந்துவிடும்.

ஆகவே வாங்குமுன் ஆள் கீழே படுத்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அடித்தகரத்தைக் குத்திக்கொண்டே போவார். சுத்தியால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். அரித்தது மந்தமாகச் சத்தமிடும். நம் டிங்கர் பட்டறைகளிலும் இதே பரீட்சைதான். வாங்கிய பிறகு உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி, மணலைப் பீய்ச்சி அடித்துத் துருவையும் பழைய பெயிண்டையும் எடுப்பார்கள். அப்போதுதான் உண்மை வெளியே வரும். முன்னால் யாரோ ஓட்டையில் பட்டி அடைத்து மேலே பெயிண்ட் பூசியிருந்தால் எல்லாம் கொட்டிப்போய்ச் சல்லடையாய் நிற்கும்.

அழுகிய தகரத்தை வெட்டி எடுக்குமுன் கதவு நிலைகளுக்கு நடுவே இரும்புக் குழாய்களைக் குறுக்கே வெல்டிங் வைத்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வெட்டியதும் வண்டி கோணிக்கொள்ளும், பிறகு கதவு மூடாது. புதுத் தகரத்தை ஒரே இழுப்பாக வெல்டிங் வைத்தாலும் சூட்டில் அது நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று ஆறவைத்து ஆறவைத்துத்தான் வைக்க வேண்டும். வரித் தகரம் என்றால் ஒவ்வொரு வரியும் பழைய வரியோடு நேராகச் சேர வேண்டும். அது முடிந்ததும் துத்தநாகப் பூச்சு, பெயிண்ட், கடைசியாகப் பெட்டிச் சட்டங்களுக்குள் உருகிய மெழுகைப் பீய்ச்சுவது. இந்த மெழுகுதான் அடுத்த முறை தண்ணீர் தங்காமல் காக்கும்.

எஞ்சின் வேலை இதைவிடச் சுலபம். தெஷ்வோ எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது, காற்றே குளிர்விக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது, ஹெட் கேஸ்கெட்டும் கிடையாது. இல்லாத சாமான் கெட்டுப்போகாது அல்லவா? ஆஷ் வேனில் 1,911 சி.சி. எஞ்சின், தண்ணீரில் குளிர்வது, பழைய சித்ரோயன் காரிலிருந்து எடுத்தது. ஆனால் காலம் புதுத் தொல்லைகளைக் கொண்டுவந்திருக்கிறது. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்திவிட்டார்கள். பழைய எஞ்சினின் வால்வு உட்காரும் இடங்கள் அந்த ஈயத்தை நம்பியிருந்தவை. அவற்றைக் கடின உலோகத்தில் மாற்றுவது நல்லது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை வெடிக்க வைக்கும். சூடான எஞ்சின்மேல் சொட்டினால் தீ. இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் போடும் நம் ஊர்ப் பழைய ஸ்கூட்டர்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

டயர் இன்னொரு தலைவலி. ஓடாத டயரும் கிழடாகும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் அடித்திருக்கும்: எத்தனையாவது வாரம், எந்த வருஷம் என்று. ஆஷ் வேனுக்கோ மில்லிமீட்டர் கணக்கில் 400 அளவு ரிம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டயர் சேராது. உள்ளே கேஸ் அடுப்பு வைப்பவர்கள் சிலிண்டர் பெட்டியின் அடியில் தரையில் ஓட்டை போடுவார்கள். அந்த வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழே இறங்கி வெளியே போக வேண்டும்.

சேர்ந்து போவது

இத்தனையும் தனி ஒருவரால் ஆகாது. தகர வேலை தெரிந்தவருக்கு மின்சார வேலை தெரியாது. ஒருவரிடம் பழைய கம்பெனி ரிப்பேர் புத்தகம் இருக்கும். இன்னொருவரிடம் இரண்டு கியர் பாக்ஸ் இருக்கும். ஆகவே சங்கங்கள் எழுந்தன. தயாரிப்பு நின்றுபோன பாகங்களைச் சேர்ந்து பணம் போட்டுப் புதிதாகச் செய்துகொண்டார்கள். தெஷ்வோக்காரர்கள் 1975-ல் பின்லாந்தில் முதல் உலகக் கூட்டம் போட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வெவ்வேறு நாட்டில் அது தொடர்கிறது. ஆயிரக்கணக்கான வண்டிகள் பல நாடுகளிலிருந்து கிளம்பி ஓரிடத்தில் சேர்கின்றன. நான் முதலில் சொன்ன ‘ரலியே’ இதுதான்.

இளைஞர்களும் இருக்கிறார்கள். 1997-ல் தொடங்கிய ‘கத்ரெல் ட்ரோஃபே’ என்ற ராலி மாணவர்களுக்கானது. பழைய ரெனோ-4 காரிலோ அதன் வேனிலோ பிரான்சிலிருந்து மொராக்கோ பாலைவனத்துக்குப் போகிறார்கள். போகும்போது அங்கத்திய பிள்ளைகளுக்கு நோட்டு, பேனா, பள்ளிச் சாமான் ஏற்றிக்கொள்ள வேண்டும். சில வருஷங்களில் வண்டிகள் ஆயிரத்தைத் தாண்டும். அதில் வேகமாக வந்தவருக்கு முதலிடம் இல்லை. வழி தவறாமல் குறைந்த கிலோமீட்டர் ஓடியவருக்குத்தான் முதலிடம். மணலில் புதைந்த வண்டியைக் கண்டால் நிறுத்தித் தள்ளிவிடுவது அங்கே வழக்கம்.

பழைய வேன்கள் வரிசையாகப் போகும்போதும் எழுதாத சட்டங்கள் சில உண்டு. மெதுவாக ஓடும் வண்டியை முன்னால் விட வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். காணோம் என்றால் நிற்க வேண்டும். அவர் நின்றால் அவருக்கு முன்னால் போகிறவர் அதைப் பார்த்து நிற்பார். இப்படியே வரிசை முழுதும் நின்றுவிடும். யாரும் தொலைந்துபோக முடியாது.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு அந்தத் துருப்பிடித்த வேன் விசித்திரமாகத் தெரியவில்லை. ஒரு குமாஸ்தா மகனும் வாத்தியார் மகளும் சொந்த வண்டியில், சொந்தக் கையால் ரிப்பேர் பார்த்துக்கொண்டு, வழியிலுள்ள ஊர்க்காரர்களை நம்பி, பாரிசிலிருந்து நம் கடற்கரை வரை வரலாம் என்று ஒரு காலம் இருந்தது. இன்று அந்தச் சாலையில் அப்படி வர வழியில்லை. அரித்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைக்க ஆட்கள் இருக்கிறார்கள். காபூல் சாலையை அப்படிச் செய்ய இன்னும் யாராலும் முடியவில்லை. அதுவரை வண்டியையாவது ஓடும் நிலையில் வைத்திருப்போம், அந்தப் பழக்கத்தையாவது விடாமல் இருப்போம் என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

அறுபதுகளின் கடைசியிலோ எழுபதுகளிலோ நம் ஊரில் அப்படி வந்து நின்ற வேன்களைப் பார்த்தவர்கள், அவற்றை ரிப்பேர் பார்த்த பட்டறைக்காரர்களைத் தெரிந்தவர்கள் இருந்தால், பிள்ளைகளிடம் சொல்லி எழுதிவைக்கச் செய்யுங்கள். பிரெஞ்சு வண்டிக்கு இங்கே லேத்தில் கடைந்து ஒரு புஷ்ஷாவது போட்டுக்கொடுத்த மிஸ்திரி யாராவது நிச்சயம் இருந்திருப்பார். அவருக்கும் இந்தச் சரித்திரத்தில் இடம் உண்டு.